ஆன்டாலஜிப் பதிவகத்துக்கு எந்த மீத்தரவுத் தரநிலை? (61 ஆன்டாலஜி, 5 குழு, 94 நெடுவரிசை)

வயல்வரப்பு:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து ஒரு பொது ஆன்டாலஜிப் பதிவகம் தொடங்குகிறோம். (ஆன்டாலஜி என்றால் ஒரு துறையின் கருத்துகளையும் அவற்றுக்கிடையிலான உறவுகளையும் கணினிக்குப் புரியும்படி வரையறுத்த கோப்பு.) பயிர், மண், பூச்சி, வானிலை, கால்நடை என்று ஆளுக்கொரு பக்கம் பல வருடங்களாகக் கட்டி வைத்தவை மொத்தம் 61. அதில் 38 அவுல் (வலைக்கான ஆன்டாலஜி மொழி), 12 ஓபிஓ வடிவம் (உயிரியல் ஆன்டாலஜிகளில் வழங்குவது), 9 ஸ்காஸ் சொற்களஞ்சியம், மீதி 2 காமன் லாஜிக் என்ற தர்க்க மொழியில் எழுதியவை. (ஸ்காஸில் இருப்பதை ஆன்டாலஜி என்று சொல்லலாமா என்ற சண்டையை இங்கே தொடங்கிவிடாதீர்கள், ப்ளீஸ். எங்கள் கூட்டத்தில் அதற்கே ஒரு மதியம் போனது.)

இந்த வேலை ஏன் வந்தது என்றால், போன வருடம் இரண்டு குழுக்கள் ஒரே பயிர் ஆன்டாலஜியை வைத்துத் தங்கள் கள ஆய்வுத் தரவுக்குக் குறியிட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பாதிக்குமேல் பொருந்தவில்லை. ஒருவரிடம் இருந்தது இரண்டு வருடப் பழைய கோப்பு. இரண்டிலும் பதிப்பு எண் "1.0". கோப்புப் பெயரும் ஒன்றே. மூன்று மாத வேலையைத் திரும்பச் செய்தோம்.

சரி, பதிவகம் வைத்து ஒவ்வொன்றுக்கும் மீத்தரவு (கோப்பைப் பற்றிய விவரம்) எழுதிவிடுவோம் என்று முடிவானது. எந்தத் தரநிலையில் எழுதுவது என்பதில்தான் வண்டி நின்றுவிட்டது. ஒருவர் டப்ளின் கோர் போதும் என்கிறார். ஒருவர் ஐஎஸ்ஓ 11179 என்கிறார். ஒருவர் ஓஎம்வி (ஆன்டாலஜிகளை விவரிக்கும் சொல்தொகுதி), இன்னொருவர் டிகேட் (தரவுப் பட்டியல்களுக்கான சொல்தொகுதி). எல்லாரையும் சமாதானப்படுத்த நான் ஓர் எக்செல் தாள் போட்டேன். அதில் இப்போது 94 நெடுவரிசைகள். இதுவரை அதை முழுதாக நிரப்பியவர் ஒரே ஒருவர், அதுவும் ஒரே ஓர் ஆன்டாலஜிக்கு. அந்த ஒருவர் நான்தான்.

நீங்களெல்லாம் என்ன செய்தீர்கள்?


கார்டுகேட்டலாக்:

தம்பி, 94 நெடுவரிசை என்று படித்ததும் சிரித்துவிட்டேன். முப்பது வருடம் நூலகத்தில் இருந்தவன் நான். அட்டையில் இடம் குறைவாக இருந்ததால்தான் அட்டைகள் நிரம்பின. கணினி வந்து இடம் தாராளமானதும் எல்லாப் புலமும் காலியாகக் கிடந்தது.

என் ஓட்டு டப்ளின் கோருக்கு. 1995இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள டப்ளின் என்ற ஊரில் கூடிப் பேசியபோது பிறந்தது. (அயர்லாந்து டப்ளின் என்று நினைத்துக்கொண்டு இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.) மொத்தம் 15 கூறுகள். தலைப்பு, படைத்தவர், பொருள், விவரம், வெளியிட்டவர், தேதி, உரிமை, மொழி என்று போகும். உலகத்தில் எந்த மென்பொருளும் இதைப் படிக்கும். உங்கள் 61இல் தலைப்பு, படைத்தவர், தேதி மூன்றும் ஒழுங்காக இருப்பவை எத்தனை என்று முதலில் எண்ணிப் பாருங்கள். அப்புறம் மற்றதைப் பேசலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. டப்ளின் கோர் என்ற பெயரில் இரண்டு பெயர்வெளிகள் (சொற்களின் தனித்தனித் தொகுதிகள்) உண்டு. பழைய 15 கூறுகள் ஒன்றில். விரிந்த "டெர்ம்ஸ்" தொகுதி இன்னொன்றில். "படைத்தவர்" இரண்டிலும் இருக்கிறார். பழையதில் ஒரு பெயரை எழுத்தாக எழுதிவிட்டுப் போகலாம். புதியதில் அங்கே ஓர் ஆளையோ நிறுவனத்தையோ குறிக்கும் அடையாளம் வர வேண்டும். ஒரே பதிவில் இரண்டையும் கலந்து வைத்தால் தேடல் பாதியைத்தான் கொண்டுவரும்.


மூன்றாம்_வரிசை:

ஐயா சொல்வது புத்தகத்துக்குச் சரி. இது பதிவகம். பதிவகம் என்றால் யார் பதிந்தார், யார் பொறுப்பு, எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். டப்ளின் கோரில் அதற்கு இடமே கிடையாது.

ஐஎஸ்ஓ 11179 மீத்தரவுப் பதிவகங்களுக்கென்றே எழுதப்பட்டது. நான் சுகாதாரத் தரவுப் பக்கம் பதினொரு வருடம் இதில் வேலை பார்த்தேன். ஆஸ்திரேலியாவின் சுகாதார, நலத் தகவல் நிறுவனம் தன் பதிவகத்தை இதன் மேல்தான் கட்டியது. பதிவு நிலைகளை எவ்வளவு நேர்த்தியாகப் பிரித்திருக்கிறார்கள் பாருங்கள்: முழுமையற்றது, வேட்பாளர், பதியப்பட்டது, தகுதி பெற்றது, தரநிலை, விருப்பத் தரநிலை, ஓய்வு பெற்றது, வேறொன்றால் மாற்றப்பட்டது. உங்கள் "1.0" குழப்பத்தில் பழைய கோப்புக்கு "மாற்றப்பட்டது" என்று ஒரு முத்திரை இருந்திருந்தால் மூன்று மாதம் மிச்சம்.

அது தவிர ஐஎஸ்ஓ 19763இன் மூன்றாம் பகுதி ஆன்டாலஜிகளைப் பதிவதற்கென்றே 2007இல் வந்தது. பொதுவாக எல்லாரும் நம்பும் மேற்கோள் ஆன்டாலஜி, அதிலிருந்து எடுத்துத் தன் தேவைக்கு மாற்றிக்கொண்ட உள்ளூர் ஆன்டாலஜி என்று இரண்டாகப் பிரிக்கும். ஐந்து குழு ஒரே பயிர் ஆன்டாலஜியை ஆளுக்கொரு விதமாக வெட்டி ஒட்டி வைத்திருக்கும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாகுபாடு எது?


தும்பி:

நிலை முத்திரை பற்றிச் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 11179ஐ முழுதாகத் தூக்கி வந்தால் வயல்வரப்பு அழுதுவிடுவார்.

அதன் அடிப்படை அலகு தரவுக் கூறு. "மண் மாதிரியின் அமிலத்தன்மை" என்று ஒரு நெடுவரிசை இருந்தால், மண் மாதிரி ஒரு பொருள் வகுப்பு, அமிலத்தன்மை ஒரு பண்பு, இரண்டும் சேர்ந்து ஒரு கருத்து, 0 முதல் 14 வரையான எண் அதன் மதிப்பெல்லை. ஒரு தரவுத்தளத்தின் நெடுவரிசைகளை விளக்க அருமையான கருவி. இங்கே பதிவது முழு ஆன்டாலஜியை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு வகுப்பையும் தனித்தனி உருப்படியாகப் பதிய ஆரம்பித்தால் 61 என்பது சில நாளில் லட்சத்தைத் தொடும். 11179ஐ ஆன்டாலஜிகளுக்கு ஏற்ப நீட்டலாமா என்று பார்க்க பெர்க்லி ஆய்வகத்தில் எக்ஸ்எம்டிஆர் என்று ஒரு திட்டமே நடந்தது. அப்படியொரு திட்டம் தேவைப்பட்டது என்பதே, அது எடுத்த எடுப்பில் பொருந்தவில்லை என்பதற்குச் சாட்சி.

நான் உயிரியல் ஆன்டாலஜிகளோடு குடும்பம் நடத்துகிறவள். ஓபிஓ ஃபவுண்டரி என்ற உயிரியல் ஆன்டாலஜிக் கூட்டமைப்பில் பதிவு என்பது கிட்ஹப்பில் ஆன்டாலஜிக்கு ஒரு சின்ன எழுத்துக் கோப்பு. பெயர், முன்னொட்டு (அடையாள எண்களுக்கு முன் வரும் சுருக்கெழுத்து), உரிமம், தொடர்புக்கு ஒரு ஆள், எங்கே இறக்கிக்கொள்வது, இன்னும் சில. தொடர்புக்குக் குழுவின் பெயரை எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு மனிதர் வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொண்டாலே உங்கள் பதிவகம் பாதி தேறிவிடும்.


சும்மா_பார்க்கிறேன்:

நான் இந்தத் துறைக்குப் புதுசு, தப்பாகக் கேட்டால் மன்னிக்கவும். ஆன்டாலஜிக் கோப்புக்குள்ளேயே இந்த விவரத்தையெல்லாம் எழுதி வைக்க முடியாதா? தனியாகப் பதிவகத்தில் எதற்கு?


வெண்டைக்காய்:

தப்பான கேள்வியே இல்லை தம்பி. இந்த இழையில் இதுவரை வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். மேலே இருக்கும் மூன்று பேரும் எந்தச் சொற்களில் எழுதுவது என்று பேசுகிறார்கள். எங்கே எழுதுவது, யார் எழுதுவது என்பதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும்.

அவுல் கோப்பின் தலைப்பகுதியில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். டப்ளின் கோர் சொற்களையே அங்கே போடலாம். பதிவகத்தின் நிரல் அதைப் படித்து அறுவடை செய்துகொள்ளட்டும். பதிப்புக்கு அவுல் 2 ஒரு நல்ல காரியம் செய்தது. 2009இல் வந்தபோது, ஆன்டாலஜிக்கு ஒரு ஐஆர்ஐ (இணைய முகவரி வடிவிலான அடையாளம்), அந்தக் குறிப்பிட்ட பதிப்புக்கு இன்னொரு ஐஆர்ஐ என்று இரண்டாக்கியது. முதலாவது முகவரிக்குப் போனால் நடப்புப் பதிப்பு கிடைக்க வேண்டும். இரண்டாவது முகவரி எந்நாளும் அதே கோப்பைத் தர வேண்டும். வயல்வரப்பு அண்ணன் ஊரில் நடந்த விபத்து இந்த இரண்டாவது ஐஆர்ஐ இல்லாததால் வந்தது. "பதிப்புத் தகவல்" என்ற புலத்தில் யாரோ ஒரு நாள் 1.0 என்று எழுதினார்கள். அடுத்து வந்தவர்கள் கோப்பை மாற்றினார்கள், அதை மாற்றவில்லை. அது வெறும் எழுத்து, எந்தக் கருவியும் அதைச் சரிபார்க்காது.

ஓபிஓ வடிவத்திலும் தலைப்பகுதியில் தரவுப் பதிப்பு என்று ஒரு வரி உண்டு. அவுலாக மாற்றும்போது அது பதிப்பு ஐஆர்ஐ ஆகிவிடும். தேதியையே பதிப்பாக வைப்பது அங்கே வழக்கம். அதையே காப்பியடியுங்கள்.

ஐஆர்ஐக்கு உங்கள் அலுவலக சர்வரின் முகவரியை வைக்காதீர்கள். சர்வர் போகும், துறை பெயர் மாறும், திட்டம் முடியும். டபிள்யூ3ஐடி மாதிரி நிலைமுகவரிச் சேவை ஒன்றைப் பிடியுங்கள். அதே மாதிரியான பர்ல் சேவையை 1995 முதல் நடத்தி வந்த ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டுறவு அமைப்பு 2016இல் அதை இன்டர்நெட் ஆர்க்கைவிடம் ஒப்படைத்தது. நடத்தும் கை மாறியது, பர்ல் முகவரிகள் அப்படியே இருந்தன.


எண்ணெய்விளக்கு:

இவ்வளவு பேசியும் ஒருவரும் தர்க்கத்தைத் தொடவில்லை. 'முறைசார் ஆன்டாலஜி' என்றால் அது ஒரு தர்க்க மொழியில் எழுதிய கோட்பாடு. அதைப் பதியும் இடத்தில் எந்தத் தர்க்கம் என்று கேட்காவிட்டால், புத்தகத்தின் தலைப்பையும் விலையையும் எழுதிவிட்டு எந்த மொழிப் புத்தகம் என்று எழுதாமல் விட்ட மாதிரி.

எனக்கு ஓர் ஆன்டாலஜி கையில் வந்தால் நான் கேட்பவை இவை. அவுல் என்றால் எந்தச் சுயவிவரம், அதாவது அந்த மொழியின் எந்த உட்பிரிவு? இஎல்லுக்குள் இருந்தால் எல்க் மாதிரி ஒரு அனுமானி (தர்க்க முடிவுகளைக் கணக்கிடும் மென்பொருள்) சில நொடியில் முடித்துவிடும். முழு டிஎல் என்றால் ஹெர்மிட்டை ஓட்டிவிட்டுச் சாப்பிடப் போக வேண்டியிருக்கும். எதையெதை இறக்குமதி செய்கிறது, அந்த இறக்குமதிகள் எந்தப் பதிப்பு? எல்லாவற்றையும் சேர்த்தபின் முரணில்லாமல் இருக்கிறதா, அதை யார், எந்தக் கருவியால், எப்போது சரிபார்த்தார்கள்? பிஎஃப்ஓவின் மேல் நிற்கிறதா, டோல்சேயின் மேலா? இரண்டும் ஐஎஸ்ஓ 21838 வரிசையில் உள்ள மேல்நிலை ஆன்டாலஜிகள்தான் (எல்லாத் துறைக்கும் பொதுவான அடிப்படைக் கருத்துகளைத் தருபவை), ஆனால் உலகத்தை வேறுவேறாக வெட்டுகின்றன. ஒன்றின் மேல் கட்டியதை மற்றதன் மேல் கட்டியதோடு ஒட்டினால் தையல் பிரியும்.

காமன் லாஜிக் கோப்பு இரண்டு இருக்கிறது என்றீர்கள். ஐஎஸ்ஓ 24707 அதற்குப் பல எழுத்து வடிவங்களைத் தருகிறது. ஆர்டிஎஃப் (வலைத் தரவு வடிவம்) தலைப்பகுதி என்று அதில் எதுவும் இல்லை. குறிப்பாக ஒரு வரி எழுதலாம், அவ்வளவுதான். எனவே "கோப்புக்குள் எழுதி அறுவடை செய்" என்ற வெண்டைக்காயின் திட்டம் என் பிள்ளைகள் இரண்டுக்கும் செல்லாது.

ஓஎம்வியைக் கிழவி என்று ஒதுக்காதீர்கள். ஆன்டாலஜி மொழி, எழுத்து வடிவம், முறைமை அளவு, அறிவு குறிக்கும் பாணி ஆகிய நான்கையும் தனித்தனியாகக் கேட்டது அது. மொழி வேறு, அதை எழுதும் வடிவம் வேறு என்ற அடிப்படை வேறுபாடு இன்றைக்கும் பல பதிவகங்களில் கிடையாது.


தும்பி:

ஓஎம்வியை யாரும் ஒதுக்கவில்லை ஐயா, அதைப் பராமரிக்க ஆளில்லாமல் போனது. 2005 வாக்கில் வந்தது. அமெரிக்காவின் பயோபோர்டல் என்ற உயிர்மருத்துவ ஆன்டாலஜிப் பதிவகம் அதை எடுத்துக்கொண்டது. நல்ல கேள்விகள் கேட்டது என்பதும் உண்மை. ஆனால் தலைப்பு, படைத்தவர், உரிமம் என்று ஏற்கெனவே டப்ளின் கோரில் இருந்ததற்கெல்லாம் தன் சொந்தப் பெயரில் ஒரு சொல் வைத்தது. அதைக் கொண்டு எழுதிய பதிவு, ஓஎம்வி தெரியாத கருவிக்கு ஊமைப் பதிவு.

இதே சிக்கலில் பிரான்சின் மோன்பெலியேயில் அக்ரோபோர்டல் குழு மாட்டியது. உங்களைப் போலவே விவசாயம்தான் வயல்வரப்பு, அதனால் கவனியுங்கள். பயோபோர்டலின் மென்பொருளை எடுத்துத் தங்கள் பதிவகத்தைக் கட்டினார்கள். மீத்தரவை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தபோது 23 மீத்தரவுச் சொல்தொகுதிகளை அலசி, ஒரே பொருளுக்கு இருந்த பல பெயர்களைச் சேர்த்து, கடைசியில் 127 பண்புகளாக ஒடுக்கினார்கள். 2018இல் கட்டுரையாக வந்தது.

இன்னொரு பக்கம் பெங்களூரில், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையமான டிஆர்டிசியில், 2015இல் எம்ஓடி என்ற ஆன்டாலஜி விவரச் சொல்தொகுதி வந்தது. பிறகு இந்த இரண்டு ஓடையும் சேர்ந்தன. இப்போதுள்ள எம்ஓடி, டிகேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. டிகேட்டில் 'தரவுத்தொகுப்பு' என்பதன் ஒரு வகையாக 'பொருண்மைக் கைவினை' (செமான்டிக் ஆர்டிஃபாக்ட்) என்று வைத்திருக்கிறார்கள். அவுல், ஸ்காஸ் எல்லாம் அதற்குள் அடக்கம். உங்கள் மதியச் சண்டையும் அதோடு முடிந்தது.

டிகேட், வலைத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையாக 2014இல் வந்தது; இரண்டாம் பதிப்பு 2020, மூன்றாவது 2024. மூன்றாவதில் பதிப்பு, முந்தைய பதிப்பு ஆகியவற்றுக்கு நேரடிச் சொற்கள் உண்டு. ஒரே ஆன்டாலஜியை அவுலாகவும் ஓபிஓவாகவும் தந்தால் ஒரு பதிவு, அதன் கீழ் இரண்டு கோப்பு வடிவம். எண்ணெய்விளக்கு ஐயா கேட்ட மொழி, வடிவ வேறுபாடு எம்ஓடியில் இருக்கிறது.


கார்டுகேட்டலாக்:

டிஆர்டிசி என்றதும் ஒரு வார்த்தை. 1962இல் அதைத் தொடங்கியவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது கோலன் பகுப்பைச் செய்தவர். ஒரு நூலை ஒரே பெட்டிக்குள் அடைக்காமல் முகம் முகமாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னவர். அவர் தொடங்கிய இடத்திலிருந்து ஆன்டாலஜிக்கு மீத்தரவுச் சொல்தொகுதி வந்திருக்கிறது என்பது எனக்கு இன்று தெரிந்த செய்தி. காபி போட்டுக்கொண்டு வந்து மறுபடி படித்தேன். டப்ளின் கோர் ஓட்டை வாபஸ் வாங்கவில்லை. எம்ஓடிக்குள்ளும் டப்ளின் கோர்தானே இருக்கிறது.


வயல்வரப்பு:

தும்பி அக்கா, நான் 94க்கே திணறுகிறேன். நீங்கள் 127 என்கிறீர்கள்.


வெண்டைக்காய்:

127ஐயும் மனிதர் நிரப்ப வேண்டும் என்று யார் சொன்னது? உங்கள் எக்செல்லின் நெடுவரிசைகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

முதல் குவியல், ஆன்டாலஜியைக் கட்டியவர் மட்டுமே சொல்லக்கூடியது. தலைப்பு, எதற்காகக் கட்டினார், எதை விட்டுவிட்டார், உரிமம், படைத்தவர், தொடர்பாளர். இது கோப்பின் தலைப்பகுதியில் இருக்க வேண்டும். பதிவகம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, இயந்திரம் எண்ணிச் சொல்லக்கூடியது. வகுப்புகள் எத்தனை, எத்தனைக்கு வரையறை உண்டு, எந்தச் சுயவிவரம், எதை இறக்குமதி செய்கிறது, முரண் உண்டா இல்லையா. இதை ஒரு மனிதரிடம் கேட்பது பாவம். கேட்டால் ஒரு எண் எழுதித் தருவார், அடுத்த வாரம் அது பொய்யாகிவிடும். ஒவ்வொரு பதிப்பு வந்ததும் ரோபாட் (ROBOT) என்ற ஆன்டாலஜி மென்பொருள் மாதிரி ஒரு கருவியை ஓடவிட்டு நிரப்புங்கள். எண்ணெய்விளக்கு ஐயாவின் கேள்விகளில் முக்கால்வாசி இங்கே தீர்ந்துவிடும்.

மூன்றாவது, பதிவகம் சொல்ல வேண்டியது. எப்போது பதிந்தோம், யார் பரிசீலித்தார், இப்போது என்ன நிலை. மூன்றாம்_வரிசை அண்ணன் சொன்ன முத்திரைகள் எல்லாம் இங்கே. இதைக் கோப்புக்குள் எழுதக் கூடாது, ஏனென்றால் இது கட்டியவரின் கூற்று அல்ல.

டிகேட்டில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று இங்கேதான் கைகொடுக்கிறது, பலர் அதைப் பார்க்காமலே தாண்டிவிடுகிறார்கள். தரவுத்தொகுப்பு ஒரு பொருள்; அதைப் பற்றிப் பட்டியலில் உள்ள பதிவுச்சீட்டு இன்னொரு பொருள். இரண்டுக்கும் தனித்தனி வகுப்பு. ஆன்டாலஜி 2016இல் வெளியானது என்பது ஒன்று, நம் பதிவகத்தில் போன செவ்வாய் சேர்ந்தது என்பது வேறு. இந்த இரண்டு தேதியையும் ஒரே புலத்தில் போட்டுக் குழம்பிய பதிவகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், ஒன்றை நானே கட்டியிருக்கிறேன்.


மூன்றாம்_வரிசை:

குவியல் பிரித்தது நன்றாக இருக்கிறது. ஆனால் கடினமான இடத்தைத் தாண்டிப் போய்விட்டீர்கள். கோப்பும் பதிவகமும் வேறு வேறாகச் சொன்னால் யார் சொல் செல்லும்?

நிஜமாக நடந்தது. கோப்பில் உரிமமே இல்லை. கட்டியவருக்கு மின்னஞ்சல் போட்டோம். "தாராளமாகப் பயன்படுத்துங்கள், பெயரைக் குறிப்பிட்டால் போதும்" என்று பதில் வந்தது. பதிவகத்தில் சிசி பை (பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம்) என்று எழுதினோம். ஆறு மாதம் கழித்துப் புதிய பதிப்பு வந்தது. உள்ளே "வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை" என்று இருந்தது. அறுவடை நிரல் எங்கள் வரியை அழித்துவிட்டு அதை எழுதியது. பழைய பதிப்பை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கு எங்கள் பக்கத்தில் பார்த்தால் தாங்கள் ஏதோ தப்பு செய்தது போலத் தெரிந்தது. பெரிய ரகளை.


தும்பி:

இதில் இரண்டு தப்பு. உரிமத்தை ஆன்டாலஜிக்கு எழுதியிருக்கிறீர்கள், பதிப்புக்கு எழுதவில்லை. உரிமம் ஒட்டிக்கொள்வது பதிப்போடு. இரண்டாவது, அறுவடை நிரலுக்கு அழிக்கும் உரிமை கொடுத்தது.

ஓபிஓவில் உரிமம் பதிவகத்திலும் இருக்கும், கோப்பிலும் இருக்கும். யார் சொல் செல்லும் என்று தீர்ப்புச் சொல்வதில்லை. இரண்டும் ஒன்றா என்று டாஷ்போர்டு ஒப்பிடுகிறது. மாறுபட்டால் பிழை என்று காட்டும். அப்புறம் மனிதர் பேசித் தீர்க்க வேண்டியதுதான்.

உரிமம் பற்றி இன்னும் ஒன்று. எந்தச் சொல்லால் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். டப்ளின் கோர் டெர்ம்ஸின் உரிமம், அதன் உரிமைகள், பழைய டப்ளின் கோரின் உரிமைகள், கிரியேட்டிவ் காமன்ஸின் சொந்தச் சொல், ஸ்கீமா.ஆர்கின் சொல் என்று ஐந்து விதமாகப் பார்த்திருக்கிறேன். மதிப்பிலும் கூத்துதான். சிலர் உரிமத்தின் ஐஆர்ஐ தருவார்கள், சிலர் "இலவசம்" என்று எழுதுவார்கள். அறுவடையில் ஐந்தையும் படியுங்கள், வெளியே தரும்போது ஒன்றாகத் தாருங்கள். மதிப்பு ஐஆர்ஐயாக இல்லாவிட்டால் ஏற்காதீர்கள். உரிமம் எதுவும் எழுதாதது "திறந்தது" ஆகாது. அதை எழுதாமல் விட்டவரின் மனசு எவ்வளவு திறந்ததாக இருந்தாலும் சரி.


மூன்றாம்_வரிசை:

பதிப்போடு ஒட்ட வேண்டும் என்பது சரி. அன்று தோன்றவில்லை. ஆனாலும் ஒப்பிட்டுப் பிழை காட்டிவிட்டால் போதும் என்பதை ஏற்க மாட்டேன். மனிதர் பேசித் தீர்க்கும் வரை பயனருக்கு எதைக் காட்டுவீர்கள்? பதிவு அதிகாரி என்று ஒருவர் வேண்டும், அவர் கையெழுத்து வேண்டும். 11179 அதைத்தான் சொல்கிறது.


தும்பி:

ஆளைச் சம்பளத்துக்கு வைக்க ஐந்து குழுவில் யார் தயார் என்று வயல்வரப்பைக் கேளுங்கள் அண்ணா :)


சும்மா_பார்க்கிறேன்:

முன்னொட்டு என்று தும்பி அக்கா சொன்னார்களே, அது அவ்வளவு முக்கியமா?


தும்பி:

முக்கியம். ஜிஇஓ என்றால் உங்களுக்கு என்ன? மரபணு ஆட்களுக்கு அது ஜீன் எக்ஸ்பிரஷன் ஆம்னிபஸ் என்ற தரவுக் கிடங்கு. ஓபிஓவில் அதே மூன்றெழுத்து புவியியல் உருப்படிகளுக்கான ஓர் ஆன்டாலஜி. ஒரு கட்டுரையில் முன்னொட்டும் எண்ணும் மட்டும் இருந்தால் எதைச் சொல்கிறார் என்று யூகிக்கத்தான் வேண்டும். ஐந்து குழுக்கும் பொதுவாக ஒரு முன்னொட்டுப் பட்டியல் வையுங்கள், முதலில் வந்தவருக்கு முதல் உரிமை. கோப்பில் எழுத வேன் (VANN) என்ற சின்னச் சொல்தொகுதியில் 'விரும்பும் முன்னொட்டு', 'விரும்பும் பெயர்வெளி' என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. எல்ஓவி என்ற திறந்த சொல்தொகுதிப் பதிவகமும் அவற்றைப் படிக்கும்.


எண்ணெய்விளக்கு:

என் காமன் லாஜிக் பிள்ளைகள் இரண்டும் இன்னும் தெருவில் நிற்கின்றன.


வெண்டைக்காய்:

கோப்புக்குப் பக்கத்தில் அதே பெயரில் ஒரு சின்ன ஆர்டிஎஃப் கோப்பு வைத்துவிடுங்கள் ஐயா, எம்ஓடியில் எழுதி. அறுவடை நிரலுக்கு அதுதான் தலைப்பகுதி. முரண் சோதனையை மட்டும் நீங்களே ஓட்டிவிட்டு, எந்தத் தேற்ற நிறுவியால் எந்தத் தேதியில் சோதித்தீர்கள் என்று ப்ராவ் (எது எப்படி வந்தது என்று குறிக்கும் சொல்தொகுதி) சொற்களில் எழுதுங்கள். இரண்டுதானே.


வயல்வரப்பு:

ஏழு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

டிகேட் மூன்றின் மேல் எம்ஓடி என்று முடிவானது. கட்டாயப் புலங்கள் ஒன்பது மட்டும்: ஆன்டாலஜி ஐஆர்ஐ, பதிப்பு ஐஆர்ஐ, தலைப்பு, இரண்டு வரியில் எதற்காக, படைத்தவர், தொடர்பாளர் (ஒரு மனிதர்), உரிமம், மொழி, முன்னொட்டு. ஒன்பதும் சரியா என்று ஒரு ஷாகல் வடிவம் (ஆர்டிஎஃப் தரவு விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் மொழியில் எழுதியது) சோதிக்கும். தேறாவிட்டால் உள்ளே வராது. எண்ணக்கூடியதையெல்லாம் நிரல் எண்ணுகிறது. நிலை முத்திரை பதிவுச்சீட்டில். எட்டு நிலையை நான்காக்கிவிட்டோம், மூன்றாம்_வரிசை அண்ணன் கோபிக்க வேண்டாம். பதிவு அதிகாரி சம்பளத்துக்குக் கிடைக்கவில்லை. குழுவுக்கு மூன்று மாதம் என்று முறை போட்டிருக்கிறோம். முதல் முறை எங்களுடையது, அதாவது நான்.

முதல் ஓட்டத்தில் ஷாகலைத் தாண்டியவை 61இல் நான்கு. இப்போது 44. தாண்டாதவற்றில் பெரும்பாலும் உரிமம்தான் தகராறு. கார்டுகேட்டலாக் ஐயா சொன்னபடி தலைப்பு, படைத்தவர், தேதியையும் எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

94 நெடுவரிசைத் தாளை அழிக்க மனசு வரவில்லை. "பழையது" என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஓர் உதவி. பூச்சி ஆன்டாலஜி ஒன்று. 1,100 வகுப்புகள், எல்லாவற்றுக்கும் வரையறை, யாரோ உயிரைக் கொடுத்துக் கட்டியிருக்கிறார்கள். படைத்தவர் புலத்தில் "அட்மின்" என்று இருக்கிறது. ஐந்து குழுவிலும் கேட்டாயிற்று, யாரும் உரிமை கோரவில்லை. ஆள் தெரியாமல் உரிமம் வாங்க முடியாது. உரிமம் இல்லாமல் உள்ளே சேர்க்க முடியாது.


வெண்டைக்காய்:

ஆன்டாலஜியின் ஐஆர்ஐயைப் பாருங்கள். ஆன்டாலஜி எழுதும் மென்பொருளான புரோட்டிஜேயில் ஐஆர்ஐயை மாற்றாமல் விட்டிருந்தால் செமான்டிக்வெப்.ஆர்க் என்று தொடங்கி, அடுத்து அந்தக் கணினியில் அவர் உள்நுழைந்த பெயர், அப்புறம் வருடம், மாதம், "அன்டைட்டில்டு" என்று இருக்கும். கட்டியவரே தெரியாமல் போட்ட கையெழுத்து அது.


வயல்வரப்பு:

அட, இருக்கிறது! வருடம் 2014, மாதம் 7.

உள்நுழைந்த பெயர் "எச்பி".

2014இல் எச்பி மடிக்கணினி வைத்திருந்தவர்கள் யார் யார் என்று விசாரிக்கத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை பதினோரு பேர்.